கடைசி வரியிலிருந்து வாசிப்பவர்

எங்கள் கடைக்கு வேலைக்கு வந்த முதல் வாரமே அக்கா என்னை வறுத்தெடுத்துவிட்டார். கடை என்னுடையது, சம்பளம் கொடுப்பவன் நான் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. தப்பு என்மேல்தான் என்பது வேறு விஷயம்.

மேல்மலையில் கிளாவரைப் பக்கத்து விவசாயிகள் இரண்டு பேர் ஒரு பழைய சிடியைக் கொண்டுவந்திருந்தார்கள். பூண்டும் உருளைக்கிழங்கும் ஏற்ற வருகிற லாரி எந்தக் கிழமை எந்த இடத்தில் நிற்கும் என்ற அறிவிப்பு அதில் இருந்தது. வருடக்கணக்காக அதே கிழமை, அதே இடம்தான். ஆனால் அடித்த அச்சகம் மூடிப்போய்விட்டது. இப்போது திறந்தால் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் அரைப்புள்ளியுமாக என்னவோ தெரிகிறது, தமிழாக்கித் தாருங்கள் என்றார்கள். அக்கா மாற்றிக் கொடுத்தார். அச்செடுக்கும்போது பார்க்கிறேன், ஒவ்வொரு வரியும் இரண்டிரண்டு தடவை இருக்கிறது. அடித்தவன் தூக்கக் கலக்கத்தில் அடித்திருக்கிறான் என்று நானே முடிவுகட்டி, ஒன்றைவிட்டு ஒன்றை நீக்கி, ஒரே தாளில் கச்சிதமாக எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

நாலாம் நாள் இருவரும் திரும்ப வந்து நின்றார்கள். அது ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு போகிறவர் வாசிப்பதற்காக எழுதியதாம். மலைப்பாதையில் ஜீப் ஒரு வளைவில் மறைந்து அடுத்த வளைவில் வெளியே வரும். முதல் தடவை காதில் விழாதவர்களுக்கு இரண்டாம் தடவை விழ வேண்டும். வாசிக்கிறவரோ தாளில் இருப்பதை வாசிப்பதோடு சரி. ஒவ்வொன்றையும் ஒரு தடவை வாசித்துவிட்டுப் போய்விட்டார். அறிவிப்பைக் கேட்டால்தான் அந்த வாரம் லாரி உண்டு என்று கணக்கு. பாதி ஊர் மூட்டை கட்டாமல் இருந்துவிட்டது.

"உங்கள யாரு பாய் அதுல கை வைக்கச் சொன்னது?" என்றார் அக்கா, வந்தவர்களை வைத்துக்கொண்டே.

"ரெண்டு ரெண்டா கெடந்துச்சுக்கா."

"கெடந்தா கெடக்கட்டும். நாம மாத்துறது எழுத்த. அவங்க சொன்னத இல்ல."

அடுத்த ஆறு வருடத்தில் இந்த வாக்கியத்தை எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. பேர் போட்டு எழுதினால் அவருக்குப் பிடிக்காது என்பதால் வெறும் அக்கா என்றே எழுதுகிறேன். அவரும் என்னை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாய்தான்.

கொடைக்கானல் பஜாரில் எங்கள் அத்தா தைலக்கடை வைத்திருந்த இடம் அது. அவருக்குப் பிறகு நான் அதை ஜெராக்ஸ், கல்யாணப் பத்திரிகை, ஓட்டல் மெனு கார்டு என்று மாற்றினேன். சுவரில் மட்டும் யூகலிப்டஸ் வாசனை போகவில்லை. அக்கா பண்ணைக்காட்டிலிருந்து வெள்ளனே முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். ஆண்கள் போடுகிற மாதிரி ஒரு பழுப்பு ஸ்வெட்டர், தோளில் ஒரு ஜிப்பு போன பை, பையில் ஃபிளாஸ்க். ஃபிளாஸ்க்கில் அவர்கள் வீட்டுத் தோட்டத்துக் காப்பி, பால் இல்லாமல், இரண்டு மிளகு தட்டிப் போட்டது. எனக்கும் ஒரு மூடி ஊற்றித் தருவார். வாயில் வைக்க முடியாது. வாங்காமலும் இருக்க முடியாது. முன்பு திண்டுக்கல்லில் ஓர் அச்சகத்தில் பல வருடம் இருந்தவர். குடும்பம் பற்றி என் மனைவி கேட்டுவரச் சொன்னாள். கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

அவருடைய வேலை என்னவென்று என் மனைவிக்கே நான் அஞ்சறைப்பெட்டியை வைத்துத்தான் விளக்கினேன். உன் பெட்டியில் கடுகு இருக்கிற குழியில் உன் தங்கை வீட்டுப் பெட்டியில் வெந்தயம் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தால் உன் பெட்டி மட்டும்தான் உனக்குச் சரியாக வரும். கம்ப்யூட்டரும் கண்ணை மூடிக்கொண்டுதான் கை வைக்கிறது. யூனிகோடு என்று எல்லாருக்கும் ஒரே பெட்டி வருவதற்கு முன்னால், தமிழ் எழுத்துரு செய்தவர்கள் ஆளுக்கொரு பெட்டி வைத்திருந்தார்கள். ஒருவர் அகரத்தை ஒரு குழியில் போட்டால் இன்னொருவர் அந்தக் குழியில் ளகரத்தைப் போட்டார். அந்த எழுத்துரு கையில் இல்லாவிட்டால் எழுதியதெல்லாம் கோழி கிண்டிய மாதிரிதான். பேர் தெரிந்த எழுத்துருக்களுக்கு இணையத்திலேயே மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. பேர் தெரியாதவைதான் அக்காவிடம் வரும். நீளமான நோட்டில் எந்தக் குழியில் எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக் குறிப்பார். அது முடிந்தாலும் வேலை முடியாது. பழைய பெட்டிகளில் கொம்பு முதலில் வரும், எழுத்து பின்னால் வரும். புதியதில் எழுத்து முதலில், கொம்பு பின்னால். ஊரில் இருக்கிற கொம்பையெல்லாம் பிடித்து இடம் மாற்றிக் கட்ட வேண்டும். எனக்கு இரண்டு பக்கத்துக்குள் தலை சுற்றிவிடும். அவர் ஒரு மூடி காப்பியோடு மத்தியானம் வரை இருப்பார்.

மாற்றி முடித்ததும் சரிபார்ப்பார். அதைத்தான் முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் தொடங்குவார். அந்த வரியையும் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்கு வருவார். திரையில் மற்ற வரிகள் தெரியாதபடி ஒரு அட்டையை வைத்து மறைத்துக்கொள்வார். இப்படியே முதல் பக்கத்தின் முதல் சொல் வரை.

"ஏங்க்கா, நேரா வாசிச்சாத்தான் என்ன?"

"நேரா வாசிச்சா வெளங்கிரும் பாய். வெளங்கிட்டா கண்ணு ஏமாத்த ஆரம்பிச்சுரும். இல்லாத எழுத்தையும் இருக்குன்னு சொல்லும். நமக்குப் புடிக்காத எடத்துல ஓடிரும்."

இதனால் அவர் கை வழியாகப் போன எதிலும் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. காதல் கடிதம், சாட்சி வாக்குமூலம், சமையல் குறிப்பு எல்லாம் அவருக்கு ஒன்றுதான். எனக்கு அப்படி இல்லை. அடுத்தவர் சமாச்சாரம் என்றால் எனக்குப் பசியே தெரியாது. அவர் பின்னால் நின்று எல்லாவற்றையும் முதல் வரியிலிருந்து வாசித்துவிடுவேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஒரு சங்கத்தின் செயலாளர் தங்கள் பழைய ஆண்டு மலர்களை மாற்றித் தரச் சொன்னார். ஒரு மலரில் இப்போதைய எதிரணிக்காரர் ஒருவரைப் புகழ்ந்து நாலு வரி இருந்தது. அதை மட்டும் விட்டுவிடுங்கள், பக்கம் மிச்சமாகும் என்றார். அக்கா நாற்காலியைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "எந்தப் பக்கம்னு எனக்குச் சொல்லாதீங்க. சொன்னா கண்ணுல படும்" என்றார். செயலாளர் வேறு கடைக்குப் போகிறேன் என்று மிரட்டினார். வேறு கடை மதுரையில்தான் இருந்தது. நாலு வரியும் மலரில் இருந்தது.

தாளில் மட்டும் இப்படி என்றால் பரவாயில்லை. ஃபோனிலும் இப்படித்தான். நான் வெளியே போயிருக்கும்போது யாராவது கூப்பிட்டால், வந்ததும் சொல்வார்.

"உங்க மச்சான் கூப்புட்டாரு. 'அந்த மடப்பய எங்க போய்த் தொலஞ்சான்'னு கேட்டாரு."

கடையில் ஐந்து வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். மடப்பய என்ற இடத்தில் குரல் ஏறாது, இறங்காது. திட்டுகிற எண்ணமும் இல்லை, விளையாட்டும் இல்லை. ஒரு தடவை பேப்பர் சப்ளை செய்கிறவர் கூப்பிட்டு என்னைப் பற்றிச் சொன்னதையும் அப்படியே சொன்னார். "'அவங்க அத்தா வாய்ச்சொல்லே போதும். இவன் எழுதிக் குடுத்தாலும் நம்ப முடியாது'ன்னு சொன்னாரு." அது எனக்கு உள்ளே போய்த் தைத்துவிட்டது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காப்பி மூடியை நீட்டினார். வாங்கிக்கொண்டு கேட்டேன்.

"மத்தவங்க சொல்றத கொஞ்சம் பதமா சொல்லக் கூடாதாக்கா? 'பாய் கொஞ்சம் சுணக்கம் பண்றாரு'ன்னு சொல்லியிருந்தா எனக்கும் புரிஞ்சிருக்கும்ல?"

"அது நான் சொன்னதாயிரும். அவரு சொன்னதாகாது."

"எனக்கு வலிக்குதுல்ல?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "வலிக்கும்" என்று ஒப்புக்கொண்டார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு இருந்தது பாசம் என்று சொல்ல மாட்டேன். இந்த மனுஷியோடு ஒரே வீட்டில் இருக்க நேர்ந்தவர்கள் பாவம் என்றுதான் நினைத்தேன்.

சீசன் கூட்டம் வடிந்து, மூஞ்சிக்கல் பக்கமிருந்து பனி ஏறிவந்து கடை வாசலில் நிற்கிற ஒரு மத்தியானத்தில், வயதான ஒருவர் முதுகில் சாக்கோடு வந்தார். சாக்குக்குள் பழைய கம்ப்யூட்டர் பெட்டி. பள்ளிக்கூடம் ஒன்றில் தோட்டக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் திரும்பி வந்த குடும்பம். வந்த வேகத்தில் காட்டு வேலைக்குப் போய்விட்டதால் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கவில்லை. பிறகு பள்ளிக்கூடத்திலேயே நாற்பது வருடம் இருந்தும் எழுத்து மட்டும் வரவில்லை என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

"இதுல எம் பொஞ்சாதி கதைச்சது இருக்கு தாயி" என்றார் அக்காவைப் பார்த்து.

அவருடைய மனைவி அதே பள்ளிக்கூடத்து ஆபீசில் டைப்பிஸ்ட். தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போய்விட்டது. பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரைக் குவார்ட்டர்ஸில் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் அதில் அடித்தாராம். மகள் அதைப் பார்த்து அப்பாவுக்குச் சொல்வாள். அவர் தோட்டத்தில் இருந்தால் ஓடிவந்து சொல்லிவிட்டுப் போவாள். பத்து மாதம் இப்படி. அதற்குப் பிறகு மதுரையில் இரண்டாவது ஆபரேஷன். அதிலிருந்து அந்தம்மா எழுந்திருக்கவில்லை. மகள் அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். இப்போது கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள்.

"மகள்ட்ட குடுத்தா வாசிச்சுக் காட்டிட்டுப் போகுது" என்றேன் நான்.

"அதுட்ட கேட்டேன். 'அதுல ஒண்ணும் இல்லப்பா, தூக்கிப் போடுங்க'ங்குது. ஒரு தடவயில்ல, நாலு தடவ சொல்லிருச்சு." சாக்கை மடித்துக்கொண்டே சொன்னார். "எனக்கு அவ என்ன சொன்னாள்னு தெரியணும். அவ சொன்னது. புள்ள சொன்னது இல்ல. எம் பொஞ்சாதி வாய்த்துடுக்குக்காரி. ஆஃபீஸ் தொரையே பயப்படுவாரு. அந்தப் பத்து மாசம் மட்டும் எப்பிடி அவ்வளவு பணிவா பேசுனாள்னு எனக்கு வெளங்கவே இல்ல."

அக்கா எழுந்து சாக்கை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஒரு வாடிக்கையாளருக்காக அவர் நாற்காலியை விட்டு எழுந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பெட்டி உயிரோடுதான் இருந்தது. மாதத்துக்கு ஒன்றாகப் பத்துக் கோப்புகள், தேதி போட்டு, டைப்பிஸ்ட் ஒழுங்கோடு. எழுத்துருதான் இல்லை. யாரோ அழித்திருந்தார்கள், அல்லது தானாகப் போயிருந்தது. அக்காவின் நோட்டில் இருந்த எந்தப் பட்டியலும் பொருந்தவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு, "அவங்க அடிச்சு, காயிதத்துல எடுத்தது ஏதாச்சும் இருக்கா?" என்று தோட்டக்காரரிடம் கேட்டார்.

மறுநாள் அவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். அவரோடு குச்சியும் ஆணியும் மண்ணுமாக ஆறு பலகைகள் இறங்கின. 'பூக்களைப் பறிக்காதீர்கள்', 'புல்லின் மேல் நடக்காதீர்கள்', 'குழாயை மூடிவிட்டுச் செல்லவும்', இப்படி. பள்ளித் தோட்டத்துக்காக அவர் மனைவி அடித்துக் கொடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, அவரே நட்ட பலகைகள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் எது டேலியா பாத்தி, எது ரோஜாப் பாத்தி என்று ஒவ்வொன்றையும் தொட்டுச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் கேட்டுத்தான் பிடுங்கினாரா என்று நான் கேட்கவில்லை. அந்தப் பலகைகளின் கோப்பும் பெட்டியில் இருந்தது. அக்கா பலகையைப் பார்த்து ஓர் எழுத்து, திரையைப் பார்த்து ஒரு கிறுக்கல் என்று நோட்டில் எழுதத் தொடங்கினார். பலகையில் இல்லாத எழுத்துகளுக்கு இன்னும் இரண்டு நாள் ஆனது. கடை முழுக்கத் தோட்டத்து மண். மெனு கார்டு வாங்க வந்தவர்கள் புல்லின் மேல் நடக்காமல் தாண்டித் தாண்டி வந்தார்கள்.

மாற்றி முடித்து, கடைசி மாதத்தின் கடைசி வரியில் தொடங்கி, அட்டையை நகர்த்தி நகர்த்தி முதல் மாதத்தின் முதல் வரி வரை சரிபார்த்தார். நான் வழக்கம்போலப் பின்னால் நின்று முதலிலிருந்து வாசித்துவிட்டேன். வாசிக்காமல் இருந்திருக்கலாம். சாயங்காலம் வீட்டில் சோறு இறங்கவில்லை. ஆனால் அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது, வந்தவருக்குத் தாளாக எடுத்துக் கொடுத்தால் போகட்டும், யார் வாசித்துக் காட்டுகிறார்களோ அது அவர்கள் பாடு என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் தோட்டக்காரர் வந்தார். அக்கா தாள்களை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"நீங்களே வாசிச்சிருங்க தாயி. எனக்கு வேற யாரு இருக்கா."

அக்கா என்னைப் பார்த்தார். நான் வாசிக்கிறேன் என்று கையை நீட்டினேன். நானாக இருந்தால் தாண்டவேண்டிய இடத்தைத் தாண்டியிருப்பேன். தோட்டக்காரர் மறுத்துத் தலையசைத்தார். "பாய் வேணாம். பாய் முகத்துல இரக்கம் தெரியுது." அக்கா தாளை மடியில் வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து நேராக வாசிக்கத் தொடங்கினார். எனக்குத் தெரிந்து அப்படி அவர் வாசித்தது அதுதான் முதல் தடவை.

"'ஜன்னலைச் சாத்து. பனி உள்ளே வருது.'"

"சாத்துனேன்" என்றார் தோட்டக்காரர், மெதுவாக.

"'உங்கப்பனுக்கு மூளை இருக்கா கேளு. கஞ்சியில உப்புப் போட்டு நாலு நாளாச்சு.'"

அவர் சிரித்துவிட்டார். "புள்ள என்ட்ட, 'உப்பு லேசா கொறையுதாம்ப்பா'ன்னுச்சு."

"'ரோஜாவுக்கு நேரத்துக்கு உரம் வைக்கத் தெரியுது. எனக்கு ஒரு செம்பு தண்ணி வைக்க மறந்து போகுது.'"

"நெசந்தான். மறந்துட்டேன்."

"'நான் சொன்னதை அப்படியே சொல்லுடி. பூசி மெழுகாதே.'"

அக்காவின் குரல் அந்த வரியில் ஒரு நொடி நின்று மறுபடி நடந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசித்தார். அந்தம்மாவின் திட்டு ஒவ்வொன்றுக்கும் தோட்டக்காரர் ஏதாவது பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் முகம் மலர்ந்து போயிருந்தது. பக்கத்தில் அவள் உட்கார்ந்து பேசுவது மாதிரியே இருக்கிறது என்றார். அடுத்து என்ன வருகிறது என்று எனக்குத்தான் தெரியும். பத்தாவது கோப்பு வந்ததும் அவர் பின்பக்கமாகப் போய் நின்று, அக்காவுக்கு மட்டும் தெரிகிற மாதிரி, வேண்டாம், நிறுத்துங்கள் என்று கையைக் காட்டினேன். அக்கா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு வாசித்தார்.

"'மதுரைக்கு வேணாம். எனக்கு இன்னொரு தடவை கத்தி வேணாம். நான் இங்கயே இருந்துக்கிறேன். அப்பாகிட்ட சொல்லு.'"

தோட்டக்காரர் நிமிர்ந்தார்.

"'சொன்னியா?'

'சொன்னியா? என்ன சொன்னாரு?'

'அப்படியா சொன்னாரு. சரி. அவருக்கு அவ்வளவு ஆசைன்னா சரி. போவோம்.'"

அதற்குப் பிறகு துணி எடுத்து வைப்பது பற்றி இரண்டு வரி. அவ்வளவுதான் கோப்பு.

கடைக்கு வெளியே குதிரைக்காரர் ஒருவர் போனார். குளம்புச் சத்தம் ஏரிப்பக்கம் இறங்கியது.

"எங்கிட்ட புள்ள தோட்டத்துக்கு ஓடியாந்துச்சு" என்றார் அவர். "'அம்மா மதுரைக்குப் போகணும்னு சொல்லுதுப்பா, வெரசா கூட்டிட்டுப் போங்க'ன்னுச்சு. நான் ஒண்ணும் சொல்லலியே. அவதான் கேக்குறாள்னுதான் கூட்டிட்டுப் போனேன். அந்த வெக்கையில... மல ஏறி வரவே இல்ல." கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "இன்னொருக்கா வாசிங்க தாயி. அந்தக் கடைசி."

அக்கா வாசித்தார். அதே குரலில், ஓர் எழுத்துக் கூடாமல் குறையாமல். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஓர் ஏழை மனிதனை இப்படிப் போட்டு அறுக்க வேண்டுமா, ஐந்து வரியைத் தாண்டினால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் தோட்டக்காரருக்கு அப்படித் தோன்றவில்லை போலிருக்கிறது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்.

"நானும் அவட்ட நேரா கேக்கல" என்றார் கடைசியில். "காது நல்லாத்தான் கேட்டுச்சு அவளுக்கு. 'போவமா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா தலைய ஆட்டிருப்பா. வேணாம்னு ஆட்டிருவாளோன்னுதான் கேக்கல. புள்ளைக்கு மட்டும் என்ன. பதினேழு வயசு. அதுக்கு அம்மா வேணும்ல."

பிறகு அவர் கேட்டது இதைத்தான். மகள் லீவுக்கு வருகிறாள். இது அவள் கண்ணில் படக் கூடாது. தனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியவே கூடாது. அந்தக் கடைசியை மட்டும் எடுத்துவிட முடியுமா?

அக்கா முடியாது என்றார். எதிர்பார்த்ததுதான். ஆனால் சொல்லிவிட்டு அத்தோடு நிற்கவில்லை. திரும்பி உட்கார்ந்து, தான் மாற்றிய பத்துக் கோப்புகளையும் முழுதாக அழித்தார். மடியில் இருந்த தாள்களை நாலாகக் கிழித்தார். பலகையைப் பார்த்து எழுதிய பட்டியலையும் நோட்டிலிருந்து கிழித்துப் போட்டார். ஐந்து நாள் வேலை.

"பெட்டிக்குள்ள அவங்க சொன்னது அப்பிடியே இருக்கு. ஒண்ணும் போகல" என்றார். "ஆனா இனிமே யாரும் வாசிக்க முடியாது."

அப்போது தோட்டக்காரரின் ஃபோன் அடித்தது. திருப்பூர். காலையிலிருந்து மூன்றாவது தடவை என்றார். பழைய ஃபோன், அடுத்த முனையில் பேசுவது கடை முழுக்கக் கேட்டது.

"என்னாச்சுப்பா? வாசிச்சுட்டாங்களா?"

"இல்லம்மா. முடியலயாம். எழுத்தெல்லாம் கெட்டுப் போச்சாம்."

பிறகு, "கடையில இருக்கிறவங்கட்ட குடுங்கப்பா" என்றாள்.

அவர் ஃபோனைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார். பொய் சொல்வதில் எனக்குப் பழக்கம் உண்டு, நான்தான் எழுந்தேன். அக்கா அதற்குள் வாங்கி, "சொல்லும்மா" என்றுவிட்டார்.

"அக்கா, நெசமாவே ஒரு வரிகூட முடியலையா?"

"ஒரு வரிகூட முடியலம்மா" என்றார் அக்கா. அவர் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. அந்த முனையில் அவள் அழுவது கேட்டது. அழுதுகொண்டே என்னவோ சொன்னாள். அக்கா "ம்" என்று மட்டும் கேட்டுக்கொண்டு ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

தோட்டக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம். "என்ன சொல்லுச்சு புள்ள?" என்றார்.

எனக்குக் கேட்டிருந்தது. எப்படிச் சொல்லப்போகிறார் என்று அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நான் அறிந்த அந்தக் குரலில், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் சொன்னார்.

"'அப்பா ரொம்ப ஆசையா இருந்தாரு. ரெண்டு வரி மட்டும் தெரிஞ்சுச்சு, அம்மா அதுல உங்களப் பத்தி நல்லதா எழுதியிருந்தாங்கன்னு சும்மாவாச்சும் சொல்லுங்கக்கா'ன்னு சொல்லுச்சு."

தோட்டக்காரர் சாக்கை விரித்து, பெட்டியை அலுங்காமல் அதற்குள் இறக்கினார். வாயைக் கட்டும்போது அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பார்த்தேன். இரண்டும்தான்.

"பாத்தீங்களா தாயி" என்றார். "இன்னும் அதே சோலிதான் பாக்குது எம் புள்ள."